ஞாயிற்றுக்கிழமைக் காடு

லண்டன்,
நவம்பர் மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று மாதமாக எழுதாமல் இருந்தது என் குற்றந்தான். உங்கள் கடிதம் கிடைத்தும் இரண்டு கிழமை கடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குள் அடைந்து கிடக்கிறேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அம்மா. ஆர்ச்வே வீதி முருகன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து ஏற்றத்தில் நடந்து ஹைகேட் காட்டுக்குப் போய்விடுகிறேன். பஸ் ஓடுகிறதுதான், நடப்பது உடம்புக்கு நல்லது.

காடு என்றதும் வன்னிக் காட்டை நினைத்துவிடாதீர்கள். வீடுகளுக்கு நடுவே 28 ஹெக்டேயர், ஏறக்குறைய 70 ஏக்கர். ஆனாலும் நமது கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைப் போல அளந்து நட்டு வளர்த்ததன்று; லண்டன் பிஷப்பின் வேட்டை நிலமாக இருந்த பழங்காட்டின் மிச்சம். ஓக் மரங்களை உயர வளரவிட்டு, ஹோர்ன்பீம் என்னும் மரத்தை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு தறித்து விறகாக்கியிருக்கிறார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். அதனால் ஓர் அடியிலிருந்து நான்கைந்து தண்டுகள், அப்பா பிழிந்து கொடியில் போடும் வேட்டியைப் போல முறுக்கேறி எழும்பி நிற்கின்றன.

உரோமர் காலத்தில், ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன், குயவர்கள் இங்கே சட்டிபானை சுட்டிருக்கிறார்கள்; அந்தச் சூளைகளை 1960களில் அகழ்ந்து கண்டார்களாம். அதைக் கேட்ட நாள் முதல் கிளறிய மண்ணைக் கண்டால் காலால் தட்டிப் பார்க்கிறேன். இதுவரை அகப்பட்டது ஒரு சோடாப் போத்தல் மூடிதான்.

சொன்னவர் கீழ்வீட்டுக் கிழவர். தமது நாய்க்கு “இவர் மேல்வீட்டுக்காரர்” என்று ஒவ்வொரு முறையும் என்னை அறிமுகம் செய்துவிட்டுத்தான் என்னோடு கதைப்பார். சுற்றிலும் வீடுகள் எழும்பி வந்த காலத்தில் இந்தக் காடும் போயிருக்குமாம். ஊரவர்கள் விடாமல் கேட்டதனால் 1886இல் சிற்றி ஒஃப் லண்டன் நிருவாகம் அதை ஏற்று, என்றென்றைக்கும் பொதுவிடம் என்று அறிவித்தது. வீதிக்கு மறுபுறமுள்ள குயின்ஸ் வுட் 1898இல் தப்பியது.

சென்ற ஞாயிறு மழை விட்டபின் நனைந்த சருகு மணந்தது. எனக்கோ உப்புப் படிந்த நம் ஜன்னல் கம்பிகளும், கரையோர ரயில் போகும்போது குசினியில் அதிரும் தட்டுகளுந்தான் நினைவில் வந்தன. பிளாஸ்கிலிருந்த தேநீர் ஆறியும் எழும்பவில்லை. நான்கரைக்கே இருட்டிவிட்டது. கதவு பூட்டப் போவதாகக் காவலர் வந்து சொன்னபோது “நன்றி” என்றேன். அன்று முழுவதும் நான் வாய்திறந்து பேசியது அது ஒன்றுதான்.

அது கிடக்கட்டும். வளவைக் கட்டடக்காரரிடம் கொடுத்து இரண்டு ஃபிளாட் வாங்கலாம் என்று தம்பி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். காணி உறுதிப் பத்திரம் இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறது; பெரிய மாமா நொத்தாரிசைக் கண்டு வரும்வரை யாரும் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். மாமரத்தையும் அதுவரை தறிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். இம்மாதக் காசு பத்து நாள் பிந்தும். வங்கியில் ஏதோ தாமதம். அதற்காகக் கண் வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். அத்தானிடம் வாங்குங்கள், நான் அவரோடு கணக்குப் பார்த்துக்கொள்கிறேன். மரம் பூத்திருக்கிறதா என்று எழுதுங்கள்.

அன்பு மகன்