தமிழ்க் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்: கமிஷன் லிங்கைத் தடுக்க வேண்டாம், சொல்லிவிட்டுப் போட வையுங்கள்

மாடித்தோட்டம், சமையல், கேமரா, பைக் பயணம், போட்டித் தேர்வு என்று தமிழில் இயங்கும் பேஸ்புக், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களின் அட்மின்களுக்கு,

வணக்கம்.

அஃபிலியேட் வலைப்பூ (கடை லிங்க் வைத்து, அதன் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் பெறும் வலைப்பூ) எழுதுகிறவர்களும் குழுக்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். "லிங்க் போடக் கூடாது" என்ற விதியை எடுத்துவிட்டு, "கமிஷன் உண்டு என்பதை முதல் வரியில் தமிழில் சொல்லாமல் லிங்க் போடக் கூடாது" என்ற விதியை வையுங்கள்.

முழுத் தடை ஏன் பலிப்பதில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மாடித்தோட்டக் குழுவில் ஒரு கணக்கு, "நல்ல கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறது. ஐந்து நிமிடத்தில் இன்னொரு கணக்கு, "நான் வாங்கினது சூப்பரா இருக்கு சிஸ், இன்பாக்ஸ் பாருங்க" என்கிறது. இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையதாக இருக்கலாம். உங்கள் விதி மீறப்படவில்லை, ஆனால் விற்பனை நடந்துவிட்டது. அதுவும் உங்கள் கண்ணில் படாத இடத்தில். சுவரில் போட்ட லிங்கை ஐம்பது பேர் பார்ப்பார்கள், "இதே பை எங்க ஊர் நர்சரியில பாதி விலை" என்று ஒருவராவது சொல்லுவார். இன்பாக்ஸில் அந்தப் பாதுகாப்பு இல்லை. திருவிழா சீசனில் போலிக் கடைகளின் லிங்க் பரவுவதற்கும் அதே இன்பாக்ஸ்தான் வசதி.

பணம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பதிவு எதற்காகப் போடப்படுகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அமேசான் லிங்கை ஒருவர் தட்டியதும் 24 மணி நேரக் கணக்கு ஆரம்பிக்கிறது. அந்த நேரத்துக்குள் அவர் வேறொரு பொருளை வாங்கினாலும் லிங்க் போட்டவருக்குப் பெரும்பாலும் கமிஷன் உண்டு. "இந்த விலையை நம்பவே முடியல, உடனே பாருங்க" வகைப் பதிவுகள் பிறப்பது இதனால்தான். பொருள் முக்கியமில்லை, தட்டினால் போதும். வெப் ஹோஸ்டிங் (இணையதளத்தை வைக்க இடம் தரும் சேவை), ஆன்லைன் கோர்ஸ் போன்றவற்றில் இந்தக் காலம் பெரும்பாலும் 30 முதல் 90 நாள் வரை நீளும், ஒரு விற்பனைக்குக் கிடைக்கும் தொகையும் பெரியது. அதனால் அங்கே அவசரம் காட்ட மாட்டார்கள். "பிளாக் எழுதிச் சம்பாதிப்பது எப்படி" என்ற தொடரைப் பொறுமையாகப் போட்டு, ஏழாவது பகுதியில் ஹோஸ்டிங் லிங்கை வைப்பார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர் 180 நாளுக்குள் 3 விற்பனையாவது காட்ட வேண்டும், இல்லையென்றால் கணக்கு மூடப்படும். தன் லிங்கில் தானே வாங்கினால் அது கணக்கில் வராது. எனவே புதியவர்கள் பதறிப்போய் கண்ட குழுவிலெல்லாம் லிங்க் போடுவது முதல் ஆறு மாதத்தில்தான். அவர்களில் பலர் ஏமாற்ற வந்தவர்கள் அல்ல, விதி தெரியாதவர்கள். நீக்குவதற்கு முன் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

அவர்கள் மீறுவது உங்கள் விதியை மட்டுமல்ல, பணம் தரும் திட்டத்தின் விதியையும்தான். "என் லிங்க்ல வாங்கினா 50 ரூபாய் ஜிபே பண்றேன்" என்று ஆசை காட்டுவதை அமேசான் தடை செய்திருக்கிறது. விலையைக் கையால் தட்டச்சு செய்து போடுவதும் கூடாது, ஏனென்றால் காலையில் இருக்கும் விலை மாலையில் இருக்காது. வாடிக்கையாளர் விமர்சனங்களை நகலெடுத்து ஒட்டுவதும், அமேசானுக்குப் போகும் லிங்க் என்பது தெரியாதபடி மறைப்பதும் அப்படியே. "உங்கள் கணக்கே போய்விடும்" என்று ஓர் அட்மின் எடுத்துச் சொன்னால், குழு விதியைச் சொல்வதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றிய வழிகாட்டுதல்கள் 2022 ஜூனில் வந்தன. சமூக ஊடகத்தில் பொருளைப் பரிந்துரைப்பவர்களுக்கென்றே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் ஒரு கையேடு வெளியிட்டது. பரிந்துரைப்பவருக்குப் பண ஆதாயம் இருந்தால், பார்க்கிறவர் தவறவிட முடியாத இடத்தில் அதை எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவர் ஓராண்டு வரை எந்த விளம்பரமும் செய்ய முடியாதபடி தடையும் விதிக்கலாம். ஒரு சிறு குழுவில் குரோ பேக் (செடி வளர்க்கும் பை) லிங்க் போட்டவர் மீது இது பாயும் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் "சொல்லணும்னு எங்கே இருக்கு?" என்று கேட்பவருக்கு இங்கே இருக்கிறது என்று காட்டலாம்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பதிவின் கடைசியில், இருபது ஹேஷ்டேகுகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லைப் போட்டுவிட்டு, சொல்லியாயிற்று என்கிறார்கள். பேஸ்புக்கில் சில வரிகளுக்குப் பிறகு "மேலும் காண்க" வந்து மீதியை மறைத்துவிடும், கைபேசியில் அதைத் தட்டாமலே லிங்கைத் தட்டிவிடலாம். ஆகவே முதல் வரி. "அஃபிலியேட்" என்ற சொல் மட்டும் போதாது. அறுபது வயதில் கீரை வளர்க்க வந்த அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. "கமிஷன் லிங்க்: இதன் வழியாக வாங்கினால் எனக்குப் பணம் வரும், உங்களுக்கு விலை ஏறாது" என்று எழுதினால் போதும். "விலை ஏறாது" என்ற பகுதி உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். அந்தக் கடையில் அதே விலைதான், ஆனால் அது மலிவான கடை என்று பொருளில்லை.

மாடித்தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 5 கிலோ கோகோபீட் கட்டி தண்ணீரில் ஊறினால் ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர் வரை பொங்கும். இதை எழுதாமல் "5 கிலோ வாங்குங்க" என்று மட்டும் லிங்க் கொடுத்தால், நான்கு தொட்டி வைத்திருப்பவர் இரண்டு கட்டி வாங்கிவிட்டு மீதியை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிற்பார். உப்பு அதிகமுள்ள கோகோபீட்டைக் கழுவாமல் போட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும். குரோ பேக்கில் அடர்த்தி எவ்வளவு ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு உண்டா என்பதைப் பார்க்காமல் வாங்கினால், சென்னை வெயிலில் ஒரு கோடைக்குள் பை கிழிந்து மண் வெளியே வரும். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை அவ்வப்போது மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகள் கொடுக்கிறது. அதைச் சொன்னால் எழுதுகிறவருக்கு ஒரு பைசா கமிஷன் கிடைக்காது, அதனால்தான் பல வலைப்பூக்களில் அது இருப்பதில்லை. எனவே ஒரு பதிவை அனுமதிக்கும் முன் அட்மின் பார்க்க வேண்டியது இதைத்தான்: கமிஷன் வராத வழி ஒன்றாவது அதில் சொல்லப்பட்டிருக்கிறதா, யார் இதை வாங்க வேண்டாம் என்று இருக்கிறதா, படம் எழுதியவர் எடுத்ததா, கடைப் பக்கத்திலிருந்து எடுத்ததா. இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இனி லிங்கைச் சோதிப்பது. லிங்கை அழுத்திப் பிடித்து நகலெடுத்து நோட்ஸில் ஒட்டுங்கள். அமேசான் இந்தியா லிங்கில் "டேக்" (tag) என்ற சொல்லுக்குப் பின் ஒரு பெயரும், அதன் முடிவில் -21 என்பதும் இருந்தால் அது கமிஷன் லிங்க். "டிபி" (dp) என்ற இரண்டு எழுத்துக்குப் பின் வரும், எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடுதான் பொருளின் அடையாளம். அதற்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டாலும் அதே பொருள்தான் திறக்கும். சுருக்க லிங்கில் இது எதுவும் தெரியாது, போலிக் கடையும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அமேசானே தரும் சுருக்க லிங்க் உட்பட எல்லாவற்றையும் மறுத்து, முழு லிங்கையோ எழுதியவரின் வலைப்பூ முகவரியையோ மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பேஸ்புக் குழுவில் சேர வருகிறவரிடம் 3 கேள்வி கேட்கலாம். ஒன்றை, "உங்களுக்கு வலைப்பூ, யூடியூப் சேனல், கடை ஏதாவது உண்டா? முகவரி தரவும்" என்று வையுங்கள். உண்டு என்பவரைத் தடுக்க அல்ல, பின்னால் அவர் லிங்க் போடும்போது அடையாளம் தெரிவதற்காக. "அட்மின் அசிஸ்ட்" பகுதியில், புதிதாகச் சேர்ந்தவர்கள் லிங்குடன் போடும் பதிவு தானாக நிராகரிக்கப்படும்படி அமைக்கலாம். காரணத்தையும் தமிழில் எழுதி வையுங்கள். பலரும் கவனிக்காத இன்னொன்று, திருத்தங்களுக்கும் ஒப்புதல் தேவை என்ற அமைப்பு. அதை இயக்கி வையுங்கள். கத்தரிச் செடியில் தண்டுத்துளைப்பான் பற்றி அருமையான பதிவு போட்டு, 400 விருப்பம் வந்த பிறகு உள்ளே லிங்கைச் செருகுவது பழைய வித்தை.

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம், ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். எண்களை அள்ளிக்கொண்டு தனித்தனியாக லிங்க் அனுப்புபவர்கள் நுழைவது இந்த வழியில்தான். புதியவர்களைச் சேர்க்க அட்மின் ஒப்புதல் தேவை என்று அமைத்துக்கொள்ளுங்கள். பொருள் பரிந்துரை, விலைத் தகவல் ஆகியவற்றுக்கு எண்கள் தெரியாத சேனல் அல்லது கம்யூனிட்டி அறிவிப்புப் பகுதி ஏற்றது. டெலிகிராமில் மெதுநிலை உண்டு, ஒருவர் இரண்டு செய்திகளுக்கு இடையே சில விநாடி முதல் 1 மணி நேரம் வரை காத்திருக்கும்படி செய்யலாம். லிங்கையே நிறுத்த வேண்டுமானால் ஒரு பாட் (தானாக இயங்கும் கணக்கு) வைக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். சில குழுக்களில் உறுப்பினர் லிங்குக்குத் தடை, அட்மின் லிங்குக்கு மட்டும் தடையில்லை. உறுப்பினர் போட்ட லிங்கில் இருந்த டேகை மாற்றித் தன்னுடையதை ஒட்டுவதும் நடக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பதிவை மேலே பொருத்தி வைப்பதும் நடக்கிறது. இவற்றில் முதலாவது அநியாயம், இரண்டாவது திருட்டு, மூன்றாவது சொல்லாமல் செய்யப்படும் விளம்பரம். அட்மின் சம்பாதிப்பதில் தவறே இல்லை. பல மணி நேர உழைப்புக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அட்மினின் பதிவிலும் முதல் வரி அதே வரியாக இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் வலைப்பூ எழுத்தாளர்களுக்கும் சில சொற்கள். பேஸ்புக் தன் குழுக்களுக்கான ஏபிஐயை (வெளிச் செயலிகள் குழுவில் பதிவு போட உதவிய வழியை) 2024 ஏப்ரலில் மூடிவிட்டது. இப்போது "ஒரே கிளிக்கில் 50 குழு" என்று விற்கப்படும் கருவிகள் உங்கள் உலாவிக்குள் புகுந்து உங்கள் பெயரில் தட்டச்சு செய்பவை. கணக்கு முடங்கும், அதைவிட மோசமாக உங்கள் வலைப்பூ முகவரியே ஸ்பேம் பட்டியலில் விழும். பிறகு வாசகர் யாரும் அன்போடு பகிர நினைத்தாலும் போகாது. குழுவில் வந்த கேள்விக்கு விடையைப் பதிவிலேயே முழுதாக எழுதுங்கள், அளவுப் பட்டியலும் படங்களும் வலைப்பூவில் இருக்கட்டும். பேஸ்புக்கின் உள் உலாவியில் திறக்கும் கடைப் பக்கத்தில் பலர் உள்நுழைந்திருக்க மாட்டார்கள், மூடிவிட்டுக் கடைச் செயலியில் தேடி வாங்குவார்கள், கமிஷன் போய்விடும். அதற்காக இன்பாக்ஸுக்கு இழுக்க வேண்டாம். வலைப்பூவுக்கு வந்தவர் நம்பினால் மறுபடி வருவார். கனடாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் வாசகருக்கு இந்தியக் கடை லிங்கால் பயனில்லை, பொருளின் அளவையும் தன்மையையும் எழுதினால் அவர்கள் ஊரில் தேடிக்கொள்வார்கள்.

அட்மின்களே, பொருத்தி வைப்பதற்கான வாசகம் கீழே. நகலெடுத்து உங்கள் குழுவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், அனுமதி கேட்க வேண்டாம்.

"இந்தக் குழுவில் கமிஷன் லிங்க் போடலாம். முதல் வரியில் 'கமிஷன் லிங்க்' என்று தமிழில் இருக்க வேண்டும். சுருக்க லிங்க் கூடாது. ஒருவர் வாரத்துக்கு ஒன்று, சேர்ந்து 30 நாள் ஆன பிறகு. கமிஷன் இல்லாமல் வாங்கும் வழி தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். 'இன்பாக்ஸ் பாருங்க' என்றால் பதிவு நீக்கப்படும், இரண்டாம் முறை உறுப்பினரும் நீக்கப்படுவார். அட்மின்களுக்கும் இதே விதி. பணம் இழந்தவர்கள் உடனே 1930 எண்ணை அழைக்கவும், பொருள் பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915."

அன்புடன்,
அஃபிலியேட் வலைப்பூ எழுதுவோரும் குழு நடத்துவோரும்