ஒரே வரியில் கடந்துவிட்ட சவா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2011 மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை ஜப்பான் பெனால்டி உதைகளில் வென்றதை நினைவுகூர்ந்த தங்கள் கட்டுரை, ஆட்டத்தை அந்த உதைகள் வரை இழுத்துச் சென்ற நடுக்கள வீராங்கனை ஹோமாரே சவாவை ஒரே வரியில் கடந்துவிட்டது ஏமாற்றமளித்தது. பிராங்க்ஃபர்ட்டில் அமெரிக்கா 2-1 என முன்னிலையில் இருந்தபோது, கூடுதல் நேரத்தின் 117ஆம் நிமிடத்தில் சக வீராங்கனை அயா மியாமா உதைத்த கார்னர் பந்தை நோக்கி ஓடிவந்து, கோல் வலையைத் திரும்பிக்கூடப் பாராமல் வலது காலின் வெளிப்புறத்தால் அவர் தட்டிவிட்ட விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போது அவருக்கு 32 வயது. ஐந்து கோல்களுடன், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி, சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து இரண்டும் அவருக்கே கிடைத்தன. 15 வயதில் தேசிய அணிக்குள் நுழைந்து ஆறு உலகக் கோப்பைகளில் ஆடிய அவர், 2015 டிசம்பரில் ஜப்பானின் உள்நாட்டு மகளிர் போட்டியான பேரரசி கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலைத் தலையால் முட்டி அடித்து, தம் கோபே அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்த பிறகே விடைபெற்றார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்