நீடாமங்கலம் சாலையில் வண்டியை நிறுத்திய பால் வண்டி அண்ணனுக்கு

மாசிக் கடைசியில், எங்கள் களத்துப் புளியமரத்தடியில் புள்ளி ஆந்தைக் குஞ்சு ஒன்று விழுந்து கிடந்தது. காகங்கள் சூழ்ந்துவிட்டன. அம்மா இங்க் ஃபில்லரில் பால் எடுத்து வந்துவிட்டார். நானும் வாயைத் திறக்கப் பார்த்தேன்.

அப்போதுதான் நீங்கள் வண்டியை ஓரங்கட்டி ஓடி வந்தீர்கள். “பால் வேணாம்மா, தண்ணியும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும்” என்றீர்கள். இறக்கையை மெல்ல விரித்து, காயமில்லை என்று பார்த்தீர்கள். அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பழைய வேட்டியை விரித்து, இருட்டாக மூடி வைத்தீர்கள். பொந்து எட்டவில்லை. அதனால் ஓலைக்கூடையை மரக்கிளையில் கட்டி, குஞ்சை அதில் விட்டீர்கள். மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நான் பயந்தேன். “அதெல்லாம் இல்லைங்க, நாம தள்ளி நின்னா வரும்” என்றீர்கள்.

பால் கேன்களோடு, பொழுது சாயும்வரை எங்களுடன் வரப்பிலேயே நின்றீர்களே அண்ணா! தாய் வந்தது. வாயில் வெட்டுக்கிளி. அம்மா அழுதுவிட்டார்.

“காயம் இருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க, வீட்டுல வளர்க்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. குஞ்சு இப்போது பறக்கிறது அண்ணா. அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.