எகிப்திய நகைகளில் கல்லுக்கும் பொருள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய எகிப்தியக் கடவுளரின் சின்னங்களைத் தாங்கிய பதக்கங்களையும் மோதிரங்களையும் பற்றி எழுதுவோர் பலரும் வல்லூறுக் கடவுளான ஹோரஸின் கண், சாணவண்டு, உயிரைக் குறிக்கும் வளையத்தலைச் சிலுவையான அன்க் ஆகிய அனைத்தையும் 'அதிர்ஷ்டம் தருபவை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அழகுக்காக அவற்றை அணிவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால், எகிப்தியர் உருவத்தோடு கல்லையும் நிறத்தையும் சேர்த்தே சின்னமாகக் கொண்டனர் என்பதைச் சொல்லாமல் விடுவது, செய்தியில் பாதியை மறைப்பதாகும்.

தங்கத்தைக் கடவுளரின் மேனியாகவும், லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அவர்களின் கூந்தலாகவும் எகிப்தியர் கருதினர். அந்த நீலக்கல் எகிப்தில் கிடைக்காததால், இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளிலிருந்து பல கைமாறி அங்கு வந்து சேர்ந்தது. இசிஸ் என்ற பெண் தெய்வத்தின் முடிச்சு எனப்படும் தாயத்துக்கோ சிவப்பு ஜாஸ்பர் கல் வேண்டும் என, இறந்தோருக்கான மந்திரங்களின் தொகுப்பான 'இறந்தோர் நூல்' விதிக்கிறது. அச்சிவப்பு அத்தெய்வத்தின் குருதியைக் குறிப்பது. அதையே இன்று வெள்ளியில் வார்த்துத் தரும்போது முடிச்சு மட்டும்தான் எஞ்சுகிறது.

1914-இல் எகிப்தின் லாஹூனில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இளவரசி சித்ஹாத்தோர்யூனெட்டின் மார்புப் பதக்கத்தைப் பார்த்தால் இது விளங்கும். சுமார் நாலரை சென்டிமீட்டர் உயரமே உள்ள அதில் லாபிஸ், டர்க்கைஸ், சூதுபவளம், கார்னெட் என 372 கல் துண்டுகள் பொன் கட்டங்களுக்குள் பதிக்கப்பட்டுள்ளன. இரு வல்லூறுகளுக்கு நடுவே அரசர் இரண்டாம் செனுஸ்ரெட்டின் பெயர். அப்பெயருக்குள் உதய சூரியனைக் குறிக்கும் சாணவண்டு. கீழே மண்டியிட்டிருப்பவர் முடிவில்லா ஆண்டுகளின் கடவுளான ஹெஹ். அரசருக்கு நீடித்த வாழ்வை வேண்டும் ஒரு முழு வாக்கியத்தையே நகையாக இழைத்திருக்கிறார்கள்!

சாணவண்டிலும் ஒரே வகை இல்லை. உயிரோடிருப்பவர்கள் மோதிரத்தில் அணிந்தது ஒன்று; பெரும்பாலும் பச்சை நிறக் கல்லில் செதுக்கி, இறந்தவரின் மார்பில் வைத்த 'இதய வண்டு' இன்னொன்று. மறுவுலகக் கடவுளான ஒசிரிஸின் முன்னிலையில் இறந்தவரின் இதயம் தராசில் நிறுக்கப்படும்போது அது அவருக்கே எதிராகச் சாட்சி சொல்லக்கூடாது என்னும் வேண்டுதல் அதன் அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இதன் நகலைத் திருமணப் பரிசாகப் பரிந்துரைப்பது சற்று வேடிக்கைதான்.

ஆகவே, இத்தகைய நகைகளின் படங்களை வெளியிடுகையில், அசல் நகை எங்கே கண்டெடுக்கப்பட்டது, எந்தக் கல்லால் ஆனது, வாழ்பவருக்கா இறந்தவருக்கா என்ற விவரங்களையும் படக்குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்