ஐந்து வோல்ட் என்று எழுதுமுன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டும், வெப்பத்தை மின்னழுத்தமாகத் தரும் எல்எம்35 சென்சாரும் வைத்து வெப்பநிலை அளக்கும் செய்முறை ஒன்று தங்கள் மாணவர் பக்கத்தில் வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் புரியும்படி நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் போர்டுக்கு உண்மையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லும் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதே வரியை நாங்களும் விட்டதால் எங்கள் வீட்டில் 26 நாட்டுக்கோழி முட்டைகள் வீணாகின.

டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள் தெர்மோகோல் பெட்டியில் பல்ப் சூட்டில் முட்டை பொரிக்கும் ஓர் இன்குபேட்டர் செய்தாள். உள்ளே சூடு 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். திரையும் 37.5 என்றுதான் காட்டியது. ஒன்பதாம் நாள் அண்ணி ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்துவிட்டு, "பொட்டிக்குள்ள சூடு பத்தலீங்க தம்பி" என்றார். திரையைக் காட்டி நான்தான் சமாதானம் சொன்னேன். 21 நாளில் பொரிய வேண்டியது, 24ஆம் நாள்தான் பொரிந்தது. 30 முட்டையில் நான்கு குஞ்சு. அதிலும் இரண்டு கால் ஊன்ற முடியாமல் செத்துப்போயின. அப்புறம்தான் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். 94.8 பாரன்ஹீட். 35 டிகிரி செல்சியஸ்கூட முழுதாக இல்லை.

சென்சாரில் குற்றமில்லை. போர்டின் 5 வோல்ட் பின்னில் மல்டிமீட்டரை வைத்தால் 4.65 காட்டியது. செல்போன் சார்ஜர், மெல்லிய யுஎஸ்பி ஒயர், அதே சப்ளையில் பல்பைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்சும் சின்ன விசிறியும். புரோகிராமில் மட்டும் 5 என்று எழுதியிருந்தது.

போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குள், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி என்ற பகுதி, மளிகைக்கடைத் தராசு மாதிரிதான் வேலை செய்கிறது. அதனிடம் 512, 256, 128 என்று பாதி பாதியாகக் குறைந்து 1 வரை பத்து எடைக்கற்கள். பெரிய கல்லை முதலில் போட்டுப் பார்க்கும். கனம் கூடிவிட்டால் எடுத்துவிடும், இல்லையென்றால் தட்டிலேயே விட்டுவிட்டு அடுத்ததைப் போடும். ஏறக்குறைய 100 மைக்ரோ வினாடியில் பத்துக் கல்லும் முடிந்துவிடும். தட்டில் நிற்கும் கற்களின் கூட்டுத்தொகைதான் நமக்குக் கிடைக்கும் எண். அந்தக் கற்கள் எல்லாம் ரெஃபரன்ஸ் என்ற ஒரே மின்னழுத்தத்தைப் பிரித்துச் செய்தவை. வேறெதுவும் சொல்லாவிட்டால் ஊனோவில் போர்டின் சப்ளைதான் ரெஃபரன்ஸ். சப்ளை இறங்கினால் பத்துக் கல்லும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

37.5 டிகிரியில் எல்எம்35 கொடுப்பது 375 மில்லிவோல்ட். சப்ளை சரியாக 5 வோல்ட் இருந்தால் எண் 76 வரும். 4.65 வோல்ட்டில் 82 வருகிறது. 64, 16, 2 ஆகிய மூன்று கற்கள் தட்டில் நிற்கும். புரோகிராம் அந்த 82ஐ 40 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பெட்டி சூடாகுமுன்பே பல்ப் அணைந்துகொண்டிருந்தது. ரிலே 'டிக்' என்று இழுக்கும்போதெல்லாம் திரையில் எண் துள்ளியதையும் நாங்கள் பார்த்தோம். நாய்ஸ், அதாவது ஏதோ மின் இரைச்சல் என்று விட்டுவிட்டோம். சப்ளை இறங்குகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று உண்டு. புரோகிராமில் ஒரே வரியில் அதற்கு மாறிவிடலாம். அதையும் 1.1 என்று நம்பிவிடக் கூடாது. சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை இருக்கலாம். அந்த ரெஃபரன்ஸை வெளியிலிருந்து அளக்க உதவும் ஏரெஃப் பின்னில் அளந்தபோது எங்களுடையது 1.08. அந்த எண்ணைப் புரோகிராமில் போட்டோம். முன்பு ஏடிசி எண் ஒன்று மாறினால் திரையில் அரை டிகிரி தாவியது, இப்போது 0.1 டிகிரிதான்.

29 வருடம் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் இருந்தேன். 'ரெஃபரன்ஸ் = 5 வோல்ட்' என்று அளக்காமல் எழுதிய எத்தனையோ ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது இன்று உறுத்துகிறது. அளந்த மின்னழுத்தத்தை எழுத ரெக்கார்டில் ஒரு கட்டம் வேண்டும். அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போகிறவர்கள் "எத்தனை வோல்ட் இருந்தது, அளந்தாயா?" என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். தாங்களும் அடுத்த மாணவர் பக்கத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்து வெளியிடுங்கள்.

பெட்டியில் இப்போது இரண்டாவது ஈடு. நேற்று 18ஆம் நாள், முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டோம். தெர்மாமீட்டர் 99.5 காட்டுகிறது. அண்ணி இன்னமும் தினமும் ஒரு முட்டையை இமையில் ஒற்றிப் பார்க்கிறார். நானும் கூடவே நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பயிற்றுநர்,
ராசிபுரம்.