நஷ்ட ஈடும் தானாக வரட்டும்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மழையில் கற்பூர மரம் ஒன்று கம்பியோடு சாய்ந்து எங்கள் ஊரில் மூன்று நாள் கரண்ட் இல்லை. நீலகிரியில் குந்தா மலைப்பக்கம் இது புதிதில்லை, உங்களுக்கும் தெரிந்ததுதான். லைன்மேன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறி நின்றவர்கள் அவர்கள்.

அம்மாவுக்கு ஆஸ்துமா. இரண்டாம் நாள் ராத்திரி இழுப்பு அதிகமாகிவிட்டது. நெபுலைசர் கரண்டில்தான் ஓடும். செல்போன் டவரும் அணைந்து கிடந்ததால் யாரையும் கூப்பிட முடியவில்லை. தேயிலை ஃபேக்டரியில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டு, அம்மாவைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, மிஷினைத் தம்பி தூக்கிவர, மஞ்சில் டார்ச் அடித்தபடி இறங்கினோம். வாட்ச்மேன் அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து ப்ளக்கைச் செருகினேன். மருந்துப் புகை வர ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் மணிக்கட்டை இறுக்கியிருந்த அம்மாவின் விரல்கள் தளர்ந்தன.

அப்புறம் நஷ்ட ஈடு கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார்கள். இன்றுவரை பதில் இல்லை.

சேவை குறைந்தால் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டமே சொல்கிறது, தொகையைத் தீர்மானிப்பது உங்கள் ஆணையம். 2020-இல் வந்த நுகர்வோர் உரிமை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், அது தானாகவே நுகர்வோருக்குப் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும் என்கின்றன. கட்டணத்துக்கு அந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறதே! 2022-இல் நீங்கள் போட்ட ஆணைப்படி ஜூலை மாதம் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்துக் கட்டணம் திருத்தப்படுகிறது, 2024-இல் 4.83 சதவீதம் ஏறியது. அதற்கு யாரும் எங்களிடம் மனு வாங்கவில்லை. நஷ்ட ஈட்டுக்கு மட்டும் நாங்கள் ஏன் மனுவோடு அலைய வேண்டும்?

1932-இல் பைக்காராவில் தொடங்கி இந்த மலையின் தண்ணீர் ஊருக்கெல்லாம் கரண்ட் தருகிறது. இப்போது குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம், அடுத்துச் சில்லஹல்லாவிலும் அதுபோல ஒன்று என்கிறார்கள். பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் தேவை கூடும்போது திறந்துவிடுவார்களாம். நல்ல திட்டமாகவே இருக்கட்டும். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கையும் காட்டையும் கேட்கிறவர்கள், எங்கள் வீட்டுக்கு வரும் கம்பிமேல் சாய்ந்து நிற்கும் மரத்தை மழைக்கு முன்னால் வெட்டக்கூடாதா? புது இணைப்புக்குப் பெருநகரத்தில் 3 நாள், மலைக் கிராமத்துக்கு 30 நாள் என்று விதியிலேயே இருக்கிறது. மலை என்றால் தாமதமாகும், சரி, பொறுத்துக்கொள்கிறோம். தாமதத்துக்கும் ஒரு எல்லை வேண்டும், அதைத் தாண்டினால் அதற்கு விலையும் வேண்டும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். எந்த லைன் எத்தனை மணி நேரம் நின்றது என்பது துணைமின்நிலையப் பதிவில் இருக்கிறது. அதை வைத்து, யாரும் மனு போடாமலே, அடுத்த பில்லில் நஷ்ட ஈட்டைக் கழித்துவிட உத்தரவிடுங்கள். ஜூன் மழைக்கு முன் அந்த உத்தரவு வந்தால் நல்லது.

பணிவுடன்,
குந்தா மலைப்பக்கத்திலிருந்து ஒரு மின் நுகர்வோர்