மூன்றாவது கோடையில் வந்து எண்ணுங்கள்: நகர மரங்கள் பற்றி அரசுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வனத் துறைக்கும், நகராட்சி நிர்வாகத் துறைக்கும், ஒவ்வொரு மாவட்டத்திலும் பசுமைக் குழுவில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 5 அன்று எங்கள் ஊரில் மரக்கன்று நடாதீர்கள்.

அது உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று தெரியும். அன்றைக்கு விழா வேண்டும் என்றால் நடத்துங்கள், பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வையுங்கள், நர்சரியில் விதை ஊன்றுங்கள். ஆனால் தெருவில் கன்றை வைக்காதீர்கள். கேரளத்தில் ஜூன் முதல் வாரம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், அங்கே அன்று நட்டால் நட்டவர் வீடு போய்ச் சேருவதற்குள் வானமே தண்ணீர் ஊற்றிவிடும். எங்கள் கடலோர மாவட்டத்தில் அப்போதுதான் கத்திரி வெயில் முடிந்திருக்கும். எங்களுக்கு நம்பி நடக்கூடிய மழை ஐப்பசியில்தான் வரும், அதுவரை நாலரை மாதம் அந்தக் கன்று யாரை நம்பி இருக்கும்? மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது, சென்னைப் பக்கம் அதைவிட அதிகம். தருமபுரி, சேலம் பக்கம் கணக்கு வேறு, அங்கே தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு. அதனால் எல்லா ஊருக்கும் ஒரே தேதி என்பதே சரியில்லை. இதை ஒரு விவசாயியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

2022 ஜூனில் எங்கள் தெருவில் அப்படி ஒரு விழா நடந்தது. ஷாமியானா, நாற்காலி, ஒலிபெருக்கி, வெயிலில் வரிசையாக நின்ற பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் உண்டு. 38 கன்றுகள். புங்கம், பூவரசு, வேம்பு என்று கலந்து கொண்டுவந்திருந்தார்கள், ரகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கன்று இரண்டடிகூட இல்லை, குழி ஒரு முழம்தான் இருக்கும், கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய இடத்தில் செம்மண்ணோ தொழுவுரமோ போடாமல் அப்படியே வைத்து மூடிவிட்டுப் போனார்கள். முதல் பத்து நாள் தண்ணீர் லாரி வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. விசாரித்தபோது, நடுவதற்கு மட்டும்தான் ஒப்பந்தம், தண்ணீர் ஊற்றுவது அதில் வராது என்று பதில் கிடைத்தது. ஆடி மாதத்துக்குள் பாதி காய்ந்துவிட்டது. மிச்சத்தில் ஆடு தின்றது சில, இரும்புக் கூண்டு களவு போய் வண்டி ஏறியது சில. அடுத்த வருடம் மழைநீர் வடிகால் தோண்ட வந்த இயந்திரம், பிழைத்து இடுப்பு உயரம் வந்திருந்த ஏழு கன்றுகளை ஒரே காலையில் மண்ணோடு அள்ளிப் போட்டது. நட்டதும் அரசுப் பணம், அள்ளியதும் அரசுப் பணம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் தங்கள் தெருவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைப்பார்கள்.

இன்று 9 நிற்கின்றன. அந்த ஒன்பதும் எப்படிப் பிழைத்தன என்று பார்த்தால், எதிர் வீட்டு அண்ணாச்சி தன் வாசலில் இருந்த மூன்றுக்கும் தினம் காலையில் ஒரு குடம் ஊற்றினார். முனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் தன் வண்டிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டுக்கும் தானே முள்வேலி கட்டினார். ஓர் அம்மா அரிசி கழுவிய தண்ணீரையும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் பிடித்து வைத்து ஊற்றினார். மீதியை நாங்கள் சில பேர் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். அண்ணாச்சி வாசல் புங்கம் இப்போது மாடிக் கைப்பிடியைத் தொடுகிறது, சித்திரையில் அதன் கீழே இரண்டு பைக் நிழலில் நிற்கும்.

மரம் பிழைக்க மூன்று கோடை தண்ணீர் வேண்டும். முதல் கோடையில் வாரம் இரண்டு மூன்று முறை, இரண்டாவதில் கொஞ்சம் குறைத்து, மூன்றாவதில் ரொம்பக் காய்ந்தால் மட்டும். அதற்கப்புறம் வேர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் திட்டங்களில் பணமெல்லாம் நடுகிற நாளோடு முடிந்துவிடுகிறது, செலவு உண்மையில் அதற்கு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது.

2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கினீர்கள். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டு போவது இலக்கு. அதை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் அன்றிலிருந்து நான் வாசிக்கிற செய்திகளில் எல்லாம் இத்தனை லட்சம் கன்று நட்டோம், இத்தனை கோடி நடப் போகிறோம் என்றுதான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வார்டில் நட்டதில் இன்று இத்தனை நிற்கிறது என்று ஒரு பலகையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் வெளியிடுங்கள். வார்டு வாரியாக, வருடா வருடம், மே மாதத்தில் எண்ணி. ஒப்பந்தக்காரருக்கும் அந்தக் கணக்கில்தான் பணம் போக வேண்டும்: நட்டதும் ஒரு பங்கு, முதல் கோடை தாண்டியதற்கு ஒரு பங்கு, மூன்றாவது கோடை தாண்டிய பிறகு மீதி. இப்படிச் செய்தால் அவரே ஜூனில் நட மாட்டார், இரண்டடிக் கன்று கொண்டுவர மாட்டார்.

ஒப்பந்தக்காரர்தான் வேண்டும் என்றும் இல்லை. பீகாரில் 100 நாள் வேலைத் திட்டத்தில் சாலையோரக் கன்றுகளை ஏழைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டு, எத்தனை பிழைத்திருக்கின்றன என்று பார்த்துக் கூலி கொடுத்தார்கள். நம்மிடம் தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் இருக்கிறது. ஒரு தெருவுக்கு அந்தத் தெருவிலேயே இருக்கும் இரண்டு பெண்களை மரக் காவலராக வைத்து மூன்று வருடம் சம்பளம் கொடுத்தால், லாரியும் டீசலும் இல்லாமல் வேலை நடக்கும். இஸ்திரி வண்டிக்காரர் ஒரு பைசா வாங்காமல் செய்ததைத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூரை உதாரணம் காட்டுவது நம்மூரில் வழக்கம், அங்கே இருக்கும் தமிழர்களும் அந்த மரங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். 1963 ஜூனில் லீ குவான் யூ ஒரு மரம் நட்டுத் தொடங்கி வைத்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கப்புறம் அவர்கள் செய்ததை யாரும் சொல்வதில்லை. 1971-ல் ஆண்டுதோறும் மரம் நடும் நாள் என்று ஒன்றை வைத்தபோது நவம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், காரணம் அப்போது மழைக்காலம் தொடங்குகிறது, கன்றுக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். 1975-ல் மரங்களுக்கு என்றே சட்டம் கொண்டுவந்தார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டும்தான்.

சரி, புதுக் கன்றை விடுங்கள். ஏற்கெனவே நிற்கிற மரத்துக்கு வருவோம், எனக்கு அதில்தான் அதிக வருத்தம்.

எங்கள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் கீழே பூக்கார அக்கா, செருப்புத் தைக்கிற பெரியவர், இளநீர் வண்டி என்று மூன்று பேருக்குக் கடை அதுதான். முதலில் நடைபாதைக்குக் கல் பதித்தார்கள். அடிமரத்தை ஒட்டி, ஒரு விரல் மண்கூட விடாமல், சிமென்ட் வைத்து இறுக்கினார்கள். அப்புறம் வடிகாலுக்குத் தோண்டும்போது சாலைப் பக்கத்து வேரை மொத்தமாக வெட்டினார்கள், தொடை கனம் இருக்கும் வேர். பிறகு மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழித்தார்கள். ஒரு பக்கம் வேர் இல்லை, ஒரு பக்கம் கிளை இல்லை. அடுத்த காற்றில் சாய்ந்தது. நல்ல வேளை, ராத்திரி, யாரும் இல்லை. மறுநாள் எல்லோரும் சொன்னது: வயசான மரம், ஆபத்து, முன்னாலேயே வெட்டியிருக்க வேண்டும். மரத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. காற்று கடுமையானதுதான், யாரும் மறுக்கவில்லை. குல்மொஹர் மாதிரி வேகமாக வளர்ந்து சீக்கிரம் முறிகிற மரங்களை வரிசையாக நட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் விழுந்து கிடந்த மரங்களின் வேரை நினைத்துப் பாருங்கள், தட்டு மாதிரி, நடைபாதைக் கல்லோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொண்டு நின்றவை எத்தனை. கீழே இறங்க வழியில்லாத வேர் வேறென்ன செய்யும். டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமென்ட்டை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. நம் ஊர்களில் ஒரு நடைபாதை டெண்டரில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு என்ன தடை? செலவுகூட இல்லை, கல் மிச்சமாகும்.

இதோடு சேர்ந்த சின்ன விஷயங்கள் நிறைய. ஆணி அடித்து மாட்டுகிற டியூஷன் விளம்பரம். கடைப் பலகையை மறைக்கிறது என்று ராத்திரியில் பட்டையை உரிப்பவர்கள். கூட்டிய குப்பையை அடிமரத்தில் குவித்துக் கொளுத்துவது. கன்றுக்குப் போட்ட இரும்புக் கூண்டை மரமான பிறகும் எடுக்காமல் விட்டு, கம்பி தண்டுக்குள் புதைந்து போவது (இதை மட்டும் நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டர் வாங்கி வந்து நான்கு மரங்களுக்கு வெட்டி எடுத்தோம்). ஒவ்வொன்றுக்கும் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று மக்களுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டாலும் வனத் துறை, சாலைத் துறை, மின்சாரம், நகராட்சி என்று நாலு இடம் சுற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வெட்டியது கடைவீதியில், நடுவது ஊருக்கு வெளியே ஏரிக்கரையில். பூக்கார அக்கா ஏரிக்கரைக்குப் போய்க் கடை போட முடியாது. இப்போது அவர் ஒரு கிழிந்த குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார், பதினொரு மணிக்கு மேல் பூ வாடிவிடுகிறது என்று மத்தியானமே கிளம்பிவிடுகிறார். நிழல் போனதால் ஒருவருக்கு அரை நாள் வருமானம் போயிருக்கிறது, அந்தப் பத்துக் கன்று கணக்கில் இது எங்கே வருகிறது? பத்தில் பாதியாவது வெட்டிய இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று விதியை மாற்றுங்கள்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தீர்கள். வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்றீர்கள். அப்படியென்றால் தெருவில் நிற்கிற மரம் பேரிடர் தடுப்பு வேலைதானே செய்கிறது, அந்த நிதியில் ஒரு பங்கு நிழலுக்கும் வர வேண்டாமா? குறிப்பாக மரமே இல்லாத தெருக்களுக்கு. எங்கள் ஊரில் பெரிய வீடுகள் இருக்கும் பகுதியில் சாலை இருபுறமும் மரம் கூடி நிற்கிறது, தகரக் கூரை வீடுகள் இருக்கும் பகுதியில் ஒரு முருங்கை தவிர வேறு இல்லை. ஏசி இல்லாதவர்களுக்குத்தான் மரம் அதிகம் தேவை. காலி இடத்தில் நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி காடும், வேலி போட்ட நகர வனமும் நல்லவைதான், ஆனால் அவை நடந்து போகிறவர் தலைக்கு மேல் வராது.

கடைசியாக, சட்டம். மகாராஷ்டிராவில் நகர மரங்களுக்கு 1975-லிருந்து சட்டம் இருக்கிறது, ஒவ்வொரு நகரிலும் மர ஆணையம் அமைக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மரங்களை எண்ண வேண்டும். புனேயில் ஒவ்வொரு மரத்தையும் வரைபடத்தில் புள்ளி வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கர்நாடகத்துக்கு 1976-ல் சட்டம் வந்தது, டெல்லிக்கு 1994-ல். நம்மிடம் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று உண்டு, அது மலைப் பகுதிகளுக்கு. சமவெளி நகரங்களுக்குக் குழுவும் அரசாணையும் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஓர் ஊருக்கு ஒரு மர அலுவலர், அவர் கையெழுத்து இல்லாமல் வடிகாலோ சாலையோ மின்கம்பியோ யாரும் ஒரு வேரைத் தொடக்கூடாது என்கிற மாதிரி ஒரு சட்டம் வேண்டும். அவர் தவறினால் கேட்பதற்கு எங்களுக்கு ஒரு வழியும் அதிலேயே வேண்டும்.

சட்டத்துக்கு நாளாகும், தெரியும். அதுவரை எங்கள் தெருவில் மூன்றடிக்கு மூன்றடி 20 குழி எடுத்து, செம்மண்ணும் எருவும் போட்டு ஆற விட்டிருக்கிறோம். தண்ணீர் ஊற்ற யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதியாகிவிட்டது. புரட்டாசி கடைசி வாரத்தில், ஆறடிக்குக் குறையாமல், புங்கமும் மகிழமும் நாவலும் அனுப்புங்கள். விழா எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நகராட்சித் தெருவில் வசிப்பவன்